வாயப்பயம்

“வாயில போட்டுத் துன்றதுக்குப் போய், பயம்னு ஏன் சார் பேர் வெச்சாங்க?”

ஆறு வயதில் சாமுவேல் கேட்ட கேள்வி இது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஜெபக்கூடத்திலேயே நடந்த ஓராசிரியர் பள்ளி. வாத்தியார் வாழைப்பழப் படத்தைக் காட்ட, அவன் ‘வாயப்பயம்’ என்றான். “பயம்னா நடுக்கம்டா” என்று அவர் திருத்தியதும்தான் அவனுக்கு இந்தச் சந்தேகம் வந்தது.

வாத்தியார் சிரித்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் அதே நாக்குதான். ஆனாலும் வாத்தியார் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள். சாமுவேலுக்கு உதடு பிதுங்கி அழுகை முட்டியது.

பின்வரிசையிலிருந்து ஒன்பது வயது அண்ணன் தானியேல் எழுந்து நின்றான். “எனக்கும் அப்டிதான் சார் வருது. வாயப்பயம், கோயி, மய.” சிரிப்பு அப்படியே அண்ணன் பக்கம் திரும்பியது. தம்பி அழ மறந்துபோனான்.

அந்த மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகும் வரப்பில் தம்பிக்கு ழகரம் பழக்கியவனும் தானியேல்தான். “நாக்க பின்னால மடி. மேல தொடாத. இப்ப சொல்லு.” தம்பிக்கு வந்துவிட்டது. அண்ணன் வாயில் மட்டும் கடைசிவரை ‘வாயப்பயம்’தான்.

அடுத்த வருடம் அப்பன் கால் முறிந்து படுத்துவிட, தானியேல் ஏர் பிடிக்கப் போனான். சாமுவேல் படித்தான்.

பன்னிரண்டு வருடம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், சாமுவேல் ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கிறவன். ‘வாழ்வு’ என்ற சொல் வந்தால் அதன்மேல் சற்று நேரம் தங்கிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவான். தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் அந்த இடத்தில் விழித்துக்கொள்வார்கள். பக்தியால் விழிக்கிறார்கள் என்று அவன் நம்பினான்.

வீட்டில் அண்ணனை வாய் திறக்க விடமாட்டான்.

“கோயி அடைச்சிட்டியாடா?”

“கோழி ணா. கோழி.”

“அதாண்டா. கோயி.”

இப்பேர்ப்பட்ட சாமுவேலுக்கு அதே ஊர் ஞானசுந்தரியின் மேல் ஆசை வந்தது. ஜெபக்கூடத்து உபதேசியார் அவள் அப்பனிடம் பெண் கேட்பதாக ஒப்புக்கொண்டார். வேதம் வாசிக்கிற பையனுக்கு இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதற்குமுன் அவளிடம் நேரில் சொல்ல, மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வாக்கியம் தயாரித்தான்.

‘எழில் பொழியும் உன் விழி நிழலில் என் வாழ்வு தழைக்கும்.’

ஆறு ழகரம். இன்னும் ஒன்று கிடைத்தால் ‘ஏழு’ என்றே எண்ணிக்கொள்ளலாமே என்று நான்காவது நாளும் தேடினான். கிடைக்கவில்லை. ஆறோடு கிளம்பினான்.

சாயங்காலம் ஏரி மதகுக்குப் பக்கத்தில் அவள் புல் அறுப்பாள். கரையின் இந்தப் பக்கம் ஏறும்போதே, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

“கீழ பாத்து எறங்கு. மழ பேஞ்ச வழி. வழுக்கும்.”

சாமுவேல் நின்றுவிட்டான். நான்கு ழகரம். ஒன்றுகூடப் பிசகவில்லை, தேடிப் பிடித்த மாதிரியும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து எவனோ படித்தவன் வந்துவிட்டான் என்று வயிறு எரிந்தது. குரல் தெரிந்த குரல் போலத்தான் இருந்தது. அந்த ழகரம்தான் புதிது.

ஞானசுந்தரி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான்.

அந்தப் பதில் காதில் விழுந்ததும் சாமுவேல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுவந்த ஆறு ழகரத்தையும் விழுங்கிக்கொண்டு திரும்பினான். வழி வழுக்கத்தான் செய்தது. முட்டியில் சேற்றோடு உபதேசியார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“பொண்ணு கேக்க வேணாங்க ஐயா.”

“ஏண்டா? நீதானே குதியா குதிச்சே.”

“எனக்கு... பயமா கீதுங்க.”

“கல்யாணத்துக்கு இன்னாடா பயம்?”

“பெரியவன் கீறப்போ நான் கேட்டதே தப்புங்க. அண்ணனுக்குக் கேளுங்க.”

“அவன் பேச்சே சரியில்லைன்னு நீதானேடா சொல்லுவே.”

“எனக்குக் காது சரியில்லீங்க ஐயா. அவ்ளோதான்.”

உள்ளே இருந்த உபதேசியார் மனைவி தாயாரம்மாள் இதில் பாதியைக் கேட்டார். மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண் என்றதும் நடுங்கினவனுக்கு ‘வாயப்பயம்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வேதம் வாசிக்க எழுந்தபோது, பின்னாலிருந்து ஒருவன் அதை முணுமுணுத்தான். ஜெபக்கூடமே சிரித்தது.

பன்னிரண்டு வருடம் அண்ணன் பக்கம் இருந்த சிரிப்பு, அன்றுதான் உரியவனிடம் திரும்பி வந்து சேர்ந்தது. அவன் அதை எதற்காக வாங்கிக்கொண்டான் என்று கர்த்தரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சாமுவேல் தலை நிமிர்ந்து வாசித்து முடித்தான். ‘வாழ்வு’ வந்த இடத்தில் நிற்கவில்லை.

நிச்சயமான அன்று, பெண் வீட்டில் கொடுத்த பழச் சீப்போடு தானியேல் வந்தான்.

“வாயப்பயம். துன்னுடா.”

சாமுவேல் ஒன்றைப் பிய்த்து உரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

“நல்லா கீது ணா, பயம்.”

தானியேல் அவனை ஒரு மாதிரி பார்த்தான். தானும் ஒன்றை உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

அன்று மதகடியில் ஞானசுந்தரி கேட்டது இதுதான்: “இவ்ளோ சுத்தமா பேசற. வூட்ல மட்டும் ஏன் அப்டி பேசிக்கினு கீற?”

அதற்கு அந்தக் குரல் சொன்னது:

“இத்தினி வருசம் கழிச்சி மாத்திக்கினா, தம்பி அழுவான்.”