மில் சாலை முக்கு

ஆம்புலன்ஸ் சத்தம் காட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு தேய்ந்துகொண்டே ஏரிப் பக்கமாகப் போனது.

சமையலறைத் தரையில் கிடந்த கணவன் ஹார்லனின் தலையை மடியில் வைத்தபடி வெர்னா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை.

ஜன்னலோரம் மேஜர் மெல்வினும் கேப்டன் ராய்ஸும் நின்றார்கள். ஹார்லன் கர்னல். அரசாங்கத்தை எதிர்த்து வடக்கு மிஷிகனில் துப்பாக்கி தூக்கிய மக்கள் படையில் இப்போது மிச்சம் இந்த மூன்று பேர்தான். சிப்பாய் என்று ஒருவரும் கிடையாது. ராய்ஸ் மட்டும் வார நாட்களில் அரசுப் பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பளம் வாங்கினார்.

அவசர எண்ணுக்குப் பேசியது மெல்வின். மில் சாலை, வீட்டு எண், மாரடைப்பு. சொன்னதும் டக்கென்று வைத்துவிட்டார். அரை நிமிடத்துக்கு மேல் பேசினால் ஒட்டுக்கேட்பார்களாம்.

முக்கில் பெயர்ப்பலகை தப்பாக இருக்கிறது என்று சொல்ல அந்த அரை நிமிடம் போதவில்லை.

அங்கே ஒரே கம்பத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பலகைகள். மேலே இருக்கும் திருகைத் தளர்த்திக் கால்வட்டம் திருப்பினால் மில் சாலை ஏரிச் சாலையாகிவிடும், ஏரிச் சாலை மில் சாலையாகிவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அது திரும்பியிருந்தது.

படை அதைக் கொண்டாடியது. அமெரிக்காவைப் பிடிக்க ஐ.நா. துருப்புகள் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை; வந்தால் நேரே ஏரிக்குள் போய் விழட்டும். சரிசெய்ய வந்த சாலைத் துறை ஆட்களைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டினார்கள். இதைச் செய்த வீரன் யார் என்று கர்னல் கேட்டபோது இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். மெல்வினுக்கு வேட்டைக் கத்தி பரிசாகக் கிடைத்தது. ராய்ஸ் ஆறு மாதம் மெல்வினோடு பேசவில்லை.

"மேஜர், அது உன் வேலைதானே? கத்தியெல்லாம் வாங்கினியே, போய் வழி காட்டு" என்றார் ராய்ஸ்.

"நானா? நீதான்யா மொதல்ல எழுந்து நின்னே."

"ஏணி இல்லாம எப்படி ஏறினேன்னு நடிச்சுக் காட்டினது யாரு, எங்கப்பனா?"

"ரெண்டு பேரும் போங்கப்பா" என்றாள் வெர்னா. "வண்டிய எடுத்துட்டுப் போய் முக்குல நில்லுங்க. அவர் கை சில்லுனு ஆகுது."

போனார்கள். வண்டி கிளம்பும் வரை வாசலில் சண்டை கேட்டது.

தொண்ணூறு பேர் கூடிய காலம் உண்டு. ஓக்லஹோமாவில் இவர்களைப் போலவே அரசாங்கத்தை வெறுத்த எவனோ அரசுக் கட்டிடத்தைக் குழந்தைகளோடு சேர்த்துத் தகர்த்தான். மறுவாரமே முப்பது பேருக்கு வீட்டில் தலைபோகிற வேலை வந்துவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தைத் தர மறுத்தார்கள். கூட்டம் இந்தச் சமையலறைக்கு மாறியது. சனிக்கிழமைதோறும் சாலைப் பெயர் எழுதிய சீட்டோடு வெளியூர் முகங்கள் வந்தன. மேசையில் வரைபடம் விரித்து உலகப் படைகளையெல்லாம் தடுத்து நிறுத்தினார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவுதொட்டிவரை கொண்டுபோக மட்டும் ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

பிறகு அவர்களும் வருவது நின்றுபோனது. உளவாளிகள் கலைத்துவிட்டார்கள் என்றே ஹார்லன் நம்பினார்.

சத்தம் கிட்டே வந்தது. முக்குக்கு அவர்கள் இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்; மறுபடியும் விலகிப் போனது.

ஹார்லன் கண்ணைத் திறந்தார். உதட்டோரம் ஒரு பெருமை.

"பாத்தியா வெர்னா... அவனுங்களால கண்டுபிடிக்கவே முடியல."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அவள் அவர் நெற்றியைத் துடைத்தாள். ஐ.நா. படை வரும் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அந்த மே மாதத்துச் சனிக்கிழமை காலை, பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஸ்பேனரோடு போய் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று அவள் அந்தப் பலகையைத் திருப்பியது வேறு ஆட்களுக்காக.

அறுபது பேருக்குச் சமைத்திருந்தாள். ஒன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் ஏரிவரை போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வழி தவறிவிட்டேன் என்று சொல்ல எந்த வீரனுக்கும் வாய் வரவில்லை.

அதன் பிறகு நாலு வருஷம், சனிக்கிழமைகளில் ஹார்லன் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.