இரண்டாம் சீசா

"நான் ஒண்ணும் கேக்கலை, நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம். ஆனா உங்க மூஞ்சைப் பார்த்தாலே தெரியுது, நல்ல சேதி இல்லேன்னு" என்றபடி ஜெயசெல்வி சாப்பாட்டுத் தூக்கை ஆய்வுக்கூடத்து மேசைமேல் வைத்தாள்.

ஆரோக்கியதாஸ் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் முயல் கூண்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலூர் வெயில் முயல்களுக்கு ஆகவில்லை என்று, ஜவ்வாது மலைமேல் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் அந்த ஆய்வுக்கூடத்தை வைத்திருந்தார்கள். ஒரு பொருள் கண்ணில் பட்டால் உறுத்துமா, உறுத்தாதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. முயலின் வலக்கண்ணில் ஒரு சொட்டு விடுவான். ஒப்பிட்டுப் பார்க்க இடக்கண்ணை அப்படியே விட்டுவிடுவான். மூன்று நாள் கவனித்து மதிப்பெண் போட வேண்டும். உறுத்தலே இல்லையென்றால் பூஜ்ஜியம். ரத்தமாய்ச் சிவந்து இமை வீங்கியிருந்தால் மூன்று. முதலில் கொஞ்சம் சிவந்தாலும் மூன்றாம் நாள் தெளிந்துவிட்டால் தேறியதாகத்தான் அர்த்தம்.

இந்த முறை வந்தவை இரண்டு சீசாக்கள். ஒன்று பட்டணத்துக் கம்பெனியின் ஷாம்பு. மற்றது, நெல்லிவாசல்நாட்டுப் பெண்கள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஜெயசெல்வி காய்ச்சியது. குழந்தைகள் தலைக்குத் தேய்க்க, கண்ணை உறுத்தாத சரக்காக வேண்டும் என்று சென்னையில் ஒரு விற்பனை நிலையம் கேட்டிருந்தது. ஆர்டர் கிடைத்தால், வருஷா வருஷம் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டு வெளியூர்க் காப்பித் தோட்ட வேலைக்கு மலையிறங்குவது அந்தப் பெண்களுக்கு இனி இருக்காது.

எது யாருடையது என்று ஆரோக்கியதாஸுக்குத் தெரியக் கூடாது. மேலதிகாரி டாக்டர் சக்கரவர்த்தி சீசாக்களில் வெறும் எண்ணை ஒட்டி, விவரத்தை உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார். மனைவியின் சரக்காயிற்றே, வேறு ஆளை வைத்துப் பாருங்கள் என்று இவன் கெஞ்சியபோது, எண்ணுக்கு ஏது மனைவி என்று சிரித்துவிட்டுப் போனார். இவனும் ஒரு மாதமாக வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அவர்கள் அடுப்பு மூட்டிய பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் இரண்டாம் சீசாவின் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. சீயக்காய் வாசனை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது ஜெயசெல்வியின் ஈரக் கூந்தலில் வருமே, அதே வாசனை.

முதல் சீசா விட்ட முயல்கள் மூன்றும் மூன்றாம் நாளான இன்று காலை ஒன்றும் நடக்காதது போலத் தழை கடித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது விட்ட மூன்றும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. டார்ச் அடித்துப் பார்த்தான். கோவைப்பழமாய் வலக்கண்கள்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு பூஜ்ஜியம் போட்டால் போதும், பதினைந்து குடும்பம் பிழைத்துக்கொள்ளும். முயலா வந்து சாட்சி சொல்லப்போகிறது? கடைசியில் மூன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். பிறகு ஒவ்வொரு முயலாக மடியில் எடுத்து வைத்து உப்புத் தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டான்.

இப்போது அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"செல்வி, ரெண்டாம் நம்பர் உன்னுது. அதுக்கு நான் மூணு போட்டுட்டேன்."

"உறையைப் பிரிச்சிட்டீங்களா?"

"இல்ல. ஆனா எனக்குத் தெரியும்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நெசமாவே எரிஞ்சுதா அதுங்களுக்கு?"

"மூணு நாளா கண்ணைத் தெறக்கலை."

"அப்ப கொழந்தைங்களுக்கும் எரியத்தானே செய்யும். நீங்க எழுதினது சரிதாங்க. எங்ககூடக் காய்ச்சுற செல்லிக்குத்தான் இன்னா சொல்றதுன்னு தெரியலை. இந்த ஆர்டரை நம்பி, போன வாரந்தான் பொண்ணைத் திரும்ப இஸ்கூல்ல சேர்த்தா."

அவளே தூக்கைத் திறந்து சாமைச் சோற்றைத் தட்டில் வைத்தாள்.

"அவனவன் பொண்டாட்டிக்குப் பட்டுப்புடவை வாங்கிக் குடுக்கிறான். எனக்கு வாய்ச்சவர் மூணு மார்க் குடுக்கிறார். சாப்பிடுங்க, ஆறுது."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கைகழுவி முடிப்பதற்குள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. டாக்டர் சக்கரவர்த்தி உள்ளே வந்தார். மதிப்பெண் தாளை மேலும் கீழும் படித்தார். கூண்டருகே குனிந்து முயல்களின் கண்களையும் பார்த்துக்கொண்டார். அப்புறம் உறையின் அரக்கை உடைத்தார். கணவனும் மனைவியும் சுவரோரமாக நின்றார்கள்.

"ஒண்ணாம் நம்பர் உங்களோடதும்மா. சுத்தமான பூஜ்ஜியம். ரெண்டாவது கம்பெனிச் சரக்கு."

ரெண்டாவதில்தானே சார் சீயக்காய் வாசனை வந்தது என்று ஆரோக்கியதாஸ் தடுமாறினான். வாசனைக்கென்றே கம்பெனிக்காரர்கள் எசென்ஸ் ஊற்றுவார்களே என்றார் டாக்டர். ஜெயசெல்வி கணவனை வியப்போடு பார்த்தாள்.

"கண்ணு எரியுமேன்னு நாங்க சீயக்காயைத் தொடவே இல்லீங்க. அத்தினியும் அரப்புத் தழை."

டாக்டர் தாளில் கையெழுத்திட்டு மடித்துப் பைக்குள் வைத்தபடி ஆரோக்கியதாஸைப் பார்த்தார்.

"ரெண்டும் தேறினா கம்பெனிக்கே ஆர்டர்னு சென்னையில முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. நீங்க போட்ட அந்த மூணுதான்யா, உங்க வீட்டம்மாவுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்திருக்கு."