கடை மாவு

இக்கதையை நான் கேட்டது போன மழைக்காலத்தில், ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பறையில். சொன்னவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். தம் நண்பர் வீட்டில் நடந்தது என்றார். பின்னர் இதையே ஒரு செவிலியும் சொல்லக் கேட்டேன். இருவரும் முடிவில் மட்டுமே வேறுபட்டதால், முதலில் கேட்டபடியே தருகிறேன்.

கணவனின் அக்கா பிசைந்து கொடுத்த மாவு கெட்டுப்போய்விட்டது என்று மனைவி சொன்னதும், அவனுக்குச் சமையலறையிலேயே தலை சுற்றியது.

"வெளியில வெச்சு மறந்துட்டேங்க. புளிச்சுப் போச்சு. கடை மாவுல செஞ்சுட்டேன்."

"மாவைத் தூக்கி ஃபிரிட்ஜுல வைக்க உனக்கு ஒரு ஆள் போடணுமா?"

பாதாமும் முந்திரியும் பொடித்து நிரப்பிய பேஸ்ட்ரிகள், ஓவனிலிருந்து இறக்கிய தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. கூடத்தில் அக்காவின் குரல் கேட்டது. அவள் எதிரே அமர்ந்திருந்தவர் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீன் மேனேஜர். சும்மா வரவில்லை. அக்காவின் பேஸ்ட்ரி பிடித்திருந்தால், தினமும் கேன்டீனுக்குச் செய்து தரும் வேலையை அவளிடமே ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்.

மருத்துவமனைச் சமையற்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின், தன்னை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை என்ற குறை அக்காவுக்கு. அண்மையில் காய்ச்சலில் விழுந்து எழுந்தவளுக்கு இந்த வாய்ப்புத்தான் தெம்பு தந்திருந்தது. பேஸ்ட்ரியைச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, மாவை முதல்நாளே தம்பி வீட்டில் சேர்த்துவிட்டு, பூரணம் வைத்துச் சுடும் வேலையை மட்டும் தம்பி மனைவியிடம் விட்டிருந்தாள். அந்த மாவைத்தான் இவள் வெளியில் வைத்து மறந்தாளாம்.

கணவனுக்கு இன்னொன்றும் உறைத்தது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று நேற்றே கடை மாவு வாங்கிவரச் சொன்னவளும் இவள்தான்.

"அப்பவே முடிவு பண்ணிட்டியா? எங்கக்கா நாலு பேரு மெச்ச இருந்துட்டா உனக்கென்ன குறைஞ்சிடும்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். யாரும் கேட்பதற்கு முன்பே, மாவு கெட்ட கதையையும் கடை மாவின் கதையையும் தானே சொல்லி முடித்தாள்.

அக்காவின் முகம் சிவந்தது. ஒரு பேஸ்ட்ரியை எடுத்து உடைக்கப் பார்த்தாள், எளிதில் உடையவில்லை.

"பாருங்க சார், கல்லு. என் மாவுன்னா அடுக்கடுக்கா உதிரும்."

மேனேஜர் ஒரு வாய் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். தண்ணீரைத் தேடி எடுத்துக் குடித்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார் நாசூக்காக.

"தூக்கலா இல்லாம? கடைக்காரனுக்கு என்ன, மாவு கெடாம இருந்தாச் சரி. அள்ளிக் கொட்டியிருப்பான்," என்றபடியே அக்கா கையிலிருந்ததை முழுவதும் தின்றுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கடை மாவு வாங்குகிறவர்களின் சோம்பலில் தொடங்கி, அவர்கள் வீட்டு அடுப்பு, அவர்கள் வீட்டுப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, அவர்களைப் பெற்றவர்களின் வளர்ப்பில் வந்து நின்றாள். தம்பி மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"ஆமா அண்ணி. என் தப்புதான்."

மேனேஜர் எழுந்தார். "இதை வெச்சு நான் எதுவும் முடிவு பண்ண மாட்டேம்மா. உங்க மாவுல செஞ்சதைச் சாப்பிட்டுட்டுச் சொல்றேன். அடுத்த வாரம் வர்றேன்."

அவர் படியிறங்கியதும் அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நல்லவேளைடா. இதை நான் செஞ்சதுன்னு நினைச்சிருந்தா என் மானமே போயிருக்கும்." தம்பியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

கணவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரில் போட ஐஸ் எடுக்கலாம் என்று ஃபிரீசரைத் திறந்தான்.

அவன் வாங்கிவந்த கடை மாவுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

"அப்ப... அவங்க தின்னது?"

"அண்ணி மாவுதான். காய்ச்சலுக்கப்புறம் அவங்களுக்கு நாக்கு செத்துப் போயிருக்குங்க. போட்ட உப்பையே மறுபடியும் போட்டிருக்காங்க. சுட்டெடுத்து ஒண்ணை வாயில வெச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள அவரு வந்து உட்கார்ந்துட்டாரு. இது உறைஞ்சு கெடக்கு, எப்ப இளகி எப்ப சுடறது?" அவள் ஃபிரீசர் கதவைச் சாத்தினாள். "கெட்டா கடைக்காரன் பேரு கெடட்டும்னு விட்டுட்டேன்."

லிப்ட்காரர் கதையை இவ்விடத்தில் நிறுத்தினார். செவிலி சொன்ன வடிவில் ஃபிரீசரைத் திறப்பவன் கணவன் அல்லன். மேனேஜர் கேட்டாரென்று ஐஸ் எடுக்கப் போன அக்கா. பொட்டலங்களைச் சற்று நேரம் பார்த்து நின்றவள், கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்தே திட்டுவதைத் தொடர்ந்தாளாம். மறுநாள் காலையில் தம்பி மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, வேறெதுவும் பேசாமல் இவ்வளவுதான் சொன்னாளாம்:

"அடுத்த வாரம் மாவு பிசையறப்ப நீயும் வந்துடும்மா. உப்பு மட்டும் நீ போடு."