அ-வுக்கு அடுத்த எழுத்து

"அ," என்றாள் அந்தப் பெண். "அதுக்கு அடுத்தது இ."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"தப்பு. அ-வுக்கு அடுத்தது ஆ."

வாய் அகலத் திறந்த அந்த நொடியில் பல் தேய்க்கும் பிரஷ் உள்ளே போயிற்று.

அறை வாசலில் நின்று பார்த்த மகனுக்குச் சுருக்கென்றது. அப்பா நாற்பது வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். மனைவி முகமும் மகன் பேரும் மறந்துபோய், இந்த முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எழுத்து மட்டும் மிச்சம். அதை வைத்து ஒருத்தி விளையாடுகிறாள்.

"என்னம்மா, எங்கப்பாவைக் கேலி பண்றியா?"

அவள் திரும்பவில்லை.

"ஒரு நிமிஷம் சார். கீழ் வரிசை உள்பக்கம் பாக்கி இருக்கு. இப்ப விட்டா மறுபடி வாயைத் திறக்க மாட்டார்."

"போன மாசம் இல்லத்துக்குப் போன் பண்ணப்பவே, நீ பல் தேய்க்கறப்ப அப்பா அழற சத்தம் கேட்டுச்சு. உன்னை இவர்கிட்ட விடக்கூடாதுன்னு அன்னைக்கே புகார் சொன்னேன்."

"தெரியும் சார்," என்றவள் பெரியவர் பக்கம் குனிந்தாள். "வாத்தியாரய்யா, இ-க்கு அடுத்தது உ தானே?"

"மக்கு. ஈ."

முன்பற்கள் வரிசையாகத் தெரிந்தன. ஈறோரமாக, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். நுரையில் லேசாகச் சிவப்பு.

"ரத்தம் வருது. நிறுத்து."

"ஈறு வீங்கியிருக்கு, அதான் வருது. பயந்துபோய்த் தேய்க்காம விட்டா இன்னும் மோசமாகும். முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார், அடி வாங்கறவ. வாத்தியார் கை இன்னும் வலுவாத்தான் இருக்கு." மெல்லிய நூலைப் பல் இடுக்குகளில் விட்டு எடுத்தாள். "ரெண்டு தடவை நெஞ்சுச் சளியில படுத்துட்டாரே, வாயில தங்கற அழுக்கு நெஞ்சுக்கும் இறங்கும்னு டாக்டர்தான் சொன்னார். அடிக்கட்டும், அழட்டும். ஒரு வேளைகூட விடறதா இல்ல."

நாக்கையும் வழித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பெரியவர் கொப்பளித்துத் துப்பினார்.

"நாளைக்காவது படிச்சிட்டு வா," என்றார் அவளிடம்.

"சரிங்கய்யா."

மகனை அவர் பார்க்கவே இல்லை. அவன் விறுவிறுவென்று அலுவலக அறைக்குப் போனான்.

"மேடம், அந்தப் பொம்பளை இனி ஒரு நாள்கூட இங்க வேலையில இருக்கக் கூடாது."

பொறுப்பாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க வேலையில இல்லையே சார். உங்க புகார் வந்த அன்னைக்கே நிறுத்திட்டோம்."

"அப்புறம் எப்படி உள்ள விட்டீங்க?"

"வேற யார் போனாலும் உங்கப்பா வாயைத் திறக்கல. மூணு நாள் பார்த்தோம். நாலாம் நாள் அவங்களே வந்து நின்னாங்க. பார்க்க வர்றவங்களை நாங்க தடுக்கறதில்ல." பெரிய நோட்டு ஒன்றை அவன் பக்கம் திருப்பினார். "நீங்கதான் வந்த வேகத்துல இதுல எழுதாம உள்ள போயிட்டீங்க."

வாத்தியாரைப் பார்க்க வந்தவர்களுக்கென்று தனிப் பக்கம். காலை ஒரு வரி, மாலை ஒரு வரி. தேதி விடாமல் ஒரே கையெழுத்து. உறவு என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. வந்த காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும், 'பல் தேய்க்க.'

பக்கத்தின் அடியில் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது. அவன் தன் பேரை எழுதினான். உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதினான். பேனா நின்றது.

"வந்த காரணத்தை விட்டுட்டீங்களே சார்," என்றார் பொறுப்பாளர்.