பாலத்தடியில் இறங்குதல்

கனகசிங்கம் வாங்கிய பழைய ஜப்பான் காரில் முதல் நாளே இடப்பக்க சீட் பெல்ட் லைட் சிவப்பாக எரிந்தது. அந்த சீட்டில் யாருமில்லை.

"ஆள் இருந்தாத்தான் அது எரியும் அண்ணன். எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது," என்றான் மெக்கானிக் ரதீஸ்.

குருக்கள்மடத்திலிருந்து புளியந்தீவுக்குப் போகும்போது, பாலத்தடியில் ஆமிக்காரர் வாகனங்களை மறித்துச் சோதிக்கும் சென்றியில் லைட் அணையும். தாண்டிப் போய் நிறுத்தினால் மறுபடி எரியும். அது சண்டைக்காலம்; டிரைவரைத் தவிர எல்லாரும் இறங்கி, நடந்துதான் சென்றியைக் கடக்க வேண்டும். சுனாமி கொண்டுபோகும்வரை அவர் மனைவி சீதேவிப்பிள்ளையும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே நடந்தவள்தான்.

சண்டை முடிந்து, சென்றியை எடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கனகசிங்கம் பாலத்தடியில் நிற்காமல் போய்விட்டார். அங்கே அணைந்த லைட் புளியந்தீவுக் கடைத்தெருவரைக்கும் எரியவே இல்லை.

வந்த வேலையை விட்டுவிட்டுக் காரைத் திருப்பினார். சென்றி இருந்த வெறும் மணலருகே நிறுத்தி, இடப்பக்கக் கதவின் லொக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் லைட் எரிந்தது.

"சென்றிய எடுத்திட்டாங்க புள்ள," என்றார். "இனி நீ இறங்கத் தேவையில்ல. உனக்குச் சொல்ல மறந்து போனன்."