முதல் அடி யாருடையது?

தெருவே கூடி ஸ்கூட்டர் திருடனைப் பிடித்து நாலு சாத்து சாத்திய நேரத்தில், மருந்துக்கடைக்காரர் உள்ளறையில் இருமல் மருந்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியே ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. பாவம், ஒரு தட்டு தட்டக்கூட மனுஷனுக்குக் கொடுத்து வைக்கவில்லை!

ஒரே மாதத்தில் மூன்று ஸ்கூட்டர் காணாமல் போன தெரு அது. பட்டப்பகலில் ஒருவன் ஸ்குரூ டிரைவரால் வண்டிப் பூட்டைக் குடைந்தால் விடுவார்களா? சலூன்காரர் பின்னாலிருந்து முதல் அறையை விட்டார். சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபால் விளக்குக் கம்பத்தோடு அவனைக் கட்டி, கத்தாமலிருக்க வாயில் துணியையும் திணித்தார்.

இந்தச் சைக்கிள் கடைக்காரர் வேறு யாருமில்லை, மருந்துக்கடைக்காரர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வந்தது வினை.

மாடி வீட்டிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். "எங்கண்ணன்தான் கட்டிப் போட்டுச்சாமே! நீங்க எங்க போயிருந்தீங்க?"

"நானா? அது வந்து..."

"புரியுது. சண்டைன்னாலே உங்களுக்குத்தான் முக்கியமான வேலை வந்துடுமே!"

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இனி ஆயுசுக்கும் இந்தப் பேச்சைக் கேட்டே காலம் தள்ளவேண்டும்.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சாதுவான ஆள். கட்டை அவிழ்த்து, வாய்த் துணியை எடுத்து, பிடிபட்டவனை ஜீப்பில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் விசாரித்தார். ஸ்கூட்டரின் நம்பரைப் பார்த்து யாருக்கோ போன் போட்டார்.

"திருடனுக்கு நடக்கிற உபசாரத்தைப் பாருங்கப்பா!" என்று கூட்டம் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளோடு இறங்கி வந்தார். "பிடிச்சது யாரு, கட்டினது யாரு, அடிச்சது யாரு? ஒருத்தர் விடாம பேரு, விலாசம் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க. முதல் அடி யாரோடதோ, அவர் பேரு முதல்ல."

பேக்கரிக்காரர் குசுகுசுத்தார். "பக்கத்துத் தெருவுல சங்கிலித் திருடனைப் பிடிச்சவங்களுக்குக் கமிஷனர் கையால பாராட்டுப் பத்திரம்! பேப்பர்ல போட்டோ வேற!"

அவ்வளவுதான், ஒரே தள்ளுமுள்ளு. மருந்துக்கடைக்காரர் சலூன்காரரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, அந்த முதல் அறையை எனக்கு விட்டுக்கொடேன்."

"அதெப்படிங்க? கை இன்னும் எரியுது எனக்கு!"

"ஒரு வருஷத்துக்கு உங்க வீட்டுக்கு மருந்தெல்லாம் இலவசம். அம்மாவோட சர்க்கரை மாத்திரையும் சேர்த்து."

சலூன்காரர் தாடையைச் சொறிந்தார். "அப்ப நான் கடையை விட்டே இறங்கலைன்னு சொல்லிடவா?"

"சொல்லு, ராசா! நல்லா இருப்பே!"

மருந்துக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். "சார், முதல் அடி என்னோடது. விட்டேன் பாருங்க ஒண்ணு, ஆள் அப்படியே சுருண்டுட்டான்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னாடி மாத்திப் பேசக்கூடாது."

"சத்தியம் சார்! எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்றேன்."

முதல் வரியில் அவர் பேர் ஏறியது. இரண்டாவது இடத்தில் கையெழுத்துப் போட்ட மச்சானின் முகம் தொங்கிப்போனது. மனைவியோ கண்ணை அகல விரித்து, "ஏங்க, நிஜமாவா?" என்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் இப்படி ஒரு பார்வை பார்த்ததே இல்லை. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மொத்தம் பதினோரு கையெழுத்து. இன்ஸ்பெக்டர் சரிபார்த்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப் பக்கம் திரும்பினார்.

"பூட்டுல சாவி உடைஞ்சு மாட்டின உங்க சொந்த ஸ்கூட்டரைத் திறக்கப் போன உங்களை அடிச்சவங்க எல்லாரும் அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க, நீங்க இறங்கிக்கங்க சார், முதல் பேருக்காரர் ஏறட்டும்!"