எட்டாவது ரீல்

வாயில் பால் ஊற்றிப் பார்த்தார்கள். வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். கம்மலைக் கழற்றித் தண்ணீரில் உரசி, அதையும் ஊற்றினார்கள்.

பூரணத்துக்கு உயிர் போகவில்லை.

அண்ணன் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பத்து நாளாக அங்கேதான்.

அவளுக்கு இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மூச்சு மட்டும் வந்து போகிறது. தாழ்ப்பாள் போடாத கதவு காற்றில் ஆடுவது போல ஒரு சத்தம்.

"வேற என்ன ஆசை மாமா இருந்துச்சு அம்மாவுக்கு?" பூரணத்தின் மகள் காந்திமதி கேட்டாள். "பேரனக் காட்டியாச்சு. சண்ட போட்ட சித்தியக்கூடக் கூட்டிட்டு வந்து காட்டியாச்சு. எதுல மாட்டிக்கிட்டு நிக்காளோ தெரியல. பாவம், போயிரட்டும்."

அவனுக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருந்தான். ஆசை தீர்ந்தால் போய்விடுவாள்.

அன்று காலை அவளைப் புரட்டிப் படுக்கவைத்தபோது முதுகுப் புண்ணைப் பார்த்தான்.

சொன்னான்.

அந்தப் படம்.

அவனுக்குப் பத்து வயது. அவளுக்கு ஏழு. ஆற்றுக்கு அக்கரையில் கீற்றுக் கொட்டகை. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஒரே மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் தங்கையின் முகத்தைப் பார்ப்பான். வாயை மூடவே மாட்டாள்.

பறக்கும் கட்டில். பேசும் மண்டையோடு. அட்டை என்று தெரிகிற மலை. ஒற்றைக்கண் பூதம் தும்மினால் கோட்டைச் சுவர் ஆடும்.

மந்திரவாதியின் குகையில் இளவரசி கல்லாகக் கிடப்பாள். அவள் அண்ணன் அந்தக் கல்லின் முன்னால் நின்று, மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

விளக்கு.

அடுத்த ரீல். இளவரசி ஆற்றுப் படிக்கட்டில் ஏறி வருவாள். ஈரத் தலை. இடது கையால் கோதிக்கொண்டே சிரிப்பாள்.

அந்த இடத்தில் கரண்ட் போனது. கொட்டகைக்காரர் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. அண்ணன் கூப்பிட்டான். தங்கை வந்துவிட்டாள்.

பல வருஷம் அதுதான் விளையாட்டு. ஆற்று மணலில் அவள் கல்லாகக் கிடப்பாள். எறும்பு கடித்தாலும் அசைய மாட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள். இடது கையால் தலையைக் கோதுவாள். சிரிப்பாள்.

ஒரு நாளும் முந்தி எழுந்ததில்லை.

கல்யாணமாகிப் போன பிறகும் கேட்பாள். "அந்தப் படத்த இன்னொரு வாட்டி பாக்கணும்ணே." படத்தின் பெயர் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

இந்தப் பத்து நாளில் அவன் இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். யாரும் இல்லாதபோது. காதோரமாக.

மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டும் அவள் எழாவிட்டால், அப்புறம் கையில் ஒன்றுமில்லை. படத்தில் அந்த இடம் வரட்டும், அப்போது கூப்பிடலாம் என்று நினைத்தான்.

காந்திமதி போனில் தேடினாள். பறக்கும் கட்டில், கல்லான இளவரசி. அரைமணி நேரத்தில் அகப்பட்டது.

போனைப் பூரணத்தின் தலையணையில் சாய்த்து வைத்தார்கள். உச்சி வெயில். ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளிறித் தெரிந்தது. அட்டை மலை வந்தபோது பத்து நாளில் முதல் முறையாகச் சிரித்தான். பூதம் தும்மியது.

பிறகு ஆற்றுப் படிக்கட்டு வந்தது.

இது இப்போது வரக் கூடாது. இளவரசி இன்னும் கல்லாகவே இல்லை.

ஈரத் தலையை இடது கையால் கோதிக்கொண்டே அவள் அரண்மனைக்குள் போனாள். இளவரசியின் அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான். அவன் தங்கைக்கு இடது கைப் பழக்கம் கிடையாது. வாளை உருவினான். நீண்ட கூந்தல் தரையில் விழுந்தது. கூந்தலுக்கு அடியில் இருந்தது மந்திரவாதியின் முகம்.

நிஜ இளவரசி குகையில் கல்லாகக் கிடந்தாள். அவளை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தான். முன்னால் நின்றான். மூன்று முறை கூப்பிட்டான்.

கல், கல்லாகவே கிடந்தது.

அதற்கு மாலை போட்டார்கள். அண்ணன் வேறு நாட்டு இளவரசியைக் கட்டிக்கொண்டான். சுபம்.

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரீலை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கொட்டகையில் எவனோ, பத்தாவது ஓடி முடிந்ததும் விட்டுப்போன எட்டாவதை எடுத்து மாட்டியிருக்கிறான்.

இளவரசி எழுந்திருக்கவே இல்லை.

எழுந்து வந்தது அவள் இல்லை.

போனை அணைத்தான்.

அறையில் சத்தமே இல்லை. மூச்சுக் கதவு ஆடுவது நின்றிருந்தது.

காந்திமதி குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பூரணத்தின் கண்கள் திறந்திருந்தன.

அவன் இன்னும் கூப்பிடவில்லை.

"மாமா, முழிச்சிட்டா மாமா." காந்திமதி கத்தினாள். "கையத் தூக்குதாளே, பாருங்க. விழுந்த கை மாமா, அது."

இடது கை. மெதுவாக மேலே போனது. நெற்றியிலிருந்து பின்னால் முடியைக் கோதியது. ஒரு முறை. இன்னொரு முறை.

பிறகு சிரித்தாள்.

காந்திமதி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அழுதுகொண்டே சிரித்தாள். "பேசாம இருக்கீங்களே. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மாமா. ஒரே ஒரு தடவ."

கட்டிலில் இருந்தவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கை பின்னால் போய், பால் கிண்ணத்தைத் தேடியது.